காரா, போனா, தராசா: 25 இலட்சத்தில் எதை முதலில் வாங்குவது?

யாழ்ப்பாணத்தின் தென்மராட்சிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருப்பது இது. கையில் 25 இலட்சம் ரூபாய் இருக்கிறது. பாதி கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்பியது, மீதி அவருடைய சேமிப்பு. அம்மா செய்யும் கறித்தூள், ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா), மோர் மிளகாய், பயித்தம் பணியாரம் இவற்றை வீட்டிலிருந்தே ஒன்லைனில் விற்க ஆசை. இலங்கையில் வாகன இறக்குமதி மறுபடி திறந்துவிட்டதால் 25 இலட்சத்தை முற்பணமாகக் கட்டி, மீதிக்கு லீசிங் போட்டுப் புதுக் கார் ஒன்று எடுக்கலாமா, எந்தக் கார் நல்லது, படம் எடுக்கவும் ஓடர் பார்க்கவும் மலிவான போன் எது என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "கார் இருந்தால் டெலிவரிக்கும் உதவும்தானே?"

கார் பெயரும் போன் பெயரும் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நான் அந்தக் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். வீட்டுச் செலவு ஒன்று வியாபாரச் செலவு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வருவது அந்த வரியால்தான். நான் முதலில் 6 வருடம் ஒரு லீசிங் கம்பனியில் தவணை வசூல் பகுதியில் இருந்தேன். அதை விட்ட பிறகு 11 வருடமாக யாழ்ப்பாணத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் வீட்டுக் குசினியிலிருந்து தொழில் நடத்தும் பெண்கள். ஆகவே காசு எந்த வழியால் போகும் என்று ஓரளவு தெரியும். எஞ்சின் விஷயத்துக்கு உங்கள் ஊர்க் கராஜ்காரரைக் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

முதலில் ஒரு பைக்கற் கறித்தூளைப் பிரித்துப் பார்ப்போம். சாமான் விலை கிழமைக்குக் கிழமை மாறும். நான் போடும் எண்கள் கணக்கின் வழியைக் காட்டத்தான், உங்கள் எண்களை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். அரைக் கிலோவை 1,100 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், பெருஞ்சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்து 620. வறுக்கிற காஸ் 40, மில்லுக்கு 50, பையும் ஸ்ரிக்கரும் 40. ஆக 750 போய்விட்டது, மிச்சம் 350. கூரியர் காசை வாங்குபவரே கட்டுகிறார். ஆனால் சாமான் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறையில் அனுப்பினால், பத்துப் பார்சலில் ஒன்றாவது திரும்பி வரும். போன் எடுக்க மாட்டார்கள், வீட்டில் ஆள் இருக்காது, இல்லாவிட்டால் "நான் ஓடரே போடேல்லையே" என்பார்கள். அந்தப் பார்சலுக்கு ஆன கூரியர் செலவு, 450 என்று வைப்போமே, உங்கள் தலையில். திரும்பியதை மறுபடி விற்கலாம் என்றே எடுத்துக்கொண்டாலும், விற்ற ஒன்பதில் கிடைத்த 3,150 ரூபாயில் 450 போக மிஞ்சுவது 2,700. பைக்கற்றுக்கு 300. காம்பு கிள்ளி, முற்றத்தில் காயப்போட்டு, காகம் கலைத்து, வறுக்கும்போது தும்மித் தும்மி நின்ற அம்மாவின் கூலி இதில் ஒரு சதமும் இல்லை.

இப்போது லீசிங்குக்கு வருவோம். நீங்கள் கட்டும் 25க்கு மேல் 20 இலட்சம்தான் லீசிங் தேவைப்படுகிறது என்று வைப்போம். புதுக் காருக்கு அதைவிடக் கூடவே வரும். 14 சதவீத வட்டி, 5 வருடம், குறைந்துபோகும் மீதிக்கு வட்டி என்றால் மாதத் தவணை 46,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மேலே சொன்ன 300ஆல் வகுத்துப் பாருங்கள்: 155 பைக்கற். அதாவது மாதம் 77 கிலோவுக்கு மேல் தூள் செய்து, அத்தனையும் விற்று, அம்மாவுக்குச் சம்பளமே கொடுக்காமல் இருந்தால், தவணை மட்டும் சரிவரும். பெற்றோல், காப்புறுதி, சேர்விஸ், ரயர் எல்லாம் அதற்கு வெளியே. தொடங்காத வியாபாரம் ஒன்றின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று நீங்களே யோசியுங்கள்.

அந்த 14 சதவீதத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், நான் இருந்த இடத்தில் தினமும் பார்த்த விஷயம். விற்க வருபவர் "14தான் அக்கா" என்று சொல்லும்போது அது எந்த 14 என்று கேளுங்கள். முழுத் தொகைக்கும் 5 வருடமும் ஒரே மாதிரி வட்டி போடுவது ஒன்று. நீங்கள் கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு வட்டி போடுவது இன்னொன்று. முதல் வகையில் 20 இலட்சத்துக்கு வட்டி மட்டும் 14 இலட்சம், தவணை 56,600 தாண்டும். இரண்டாவது வகையில் வட்டி 8 இலட்சத்துக்குள் நிற்கும். சொல்லும் எண் ஒன்றே, வித்தியாசம் 6 இலட்சம். வீதத்தைக் கேட்பதைவிட "மொத்தமாக நான் கட்டி முடிக்கும் தொகை எவ்வளவு, ஒரு தாளில் எழுதித் தாங்கோ" என்று கேட்பது நல்லது. இடையில் ஒரேயடியாகக் கட்டி முடித்தால் என்ன கழிப்பார்கள், தவணை பிந்தினால் என்ன கூட்டுவார்கள் என்பதையும் அதே தாளில் வாங்குங்கள். லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரித்தாளர் கம்பனிதான். நீங்கள் ஓட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை ஒரு வீட்டுக்குக் கார் எடுக்கப் போனோம். புருஷனும் பெண்சாதியுமாக வீட்டில் கேக் செய்து விற்றவர்கள். ஓடர் கொண்டுபோய்க் கொடுக்கவென்று எடுத்த கார், நாலு தவணை நிலுவை. பின் இருக்கை முழுக்க மடித்த கேக் பெட்டிகள், கட்டு அவிழ்க்காமல் இருந்தன. அந்தப் பெண் எங்களிடம் வாக்குவாதப்படவில்லை. "பத்து நிமிஷம் பொறுங்கோ, பெட்டியை இறக்கிப் போட்டுத் தாறன்" என்றார். ஒவ்வொரு கட்டாக இறக்கித் திண்ணையில் அடுக்கினார். பிறகு ஒரு காலம் அவரே என்னிடம் கணக்குக் காட்ட வந்தார். புரட்டிப் பார்த்தால், கேக் வியாபாரம் அந்தக் காலம் முழுக்க இலாபத்தில்தான் ஓடியிருக்கிறது. தவணைதான் அதைத் தின்றிருக்கிறது. இப்போது அவருக்கு ஓட்டோக்காரர் ஒருவர் மாதக் கணக்கில் ஓடிக் கொடுக்கிறார்.

"வாகனம் வாங்கிப் போட்டால் விலை ஏறும்" என்ற பேச்சு எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. அது வந்த காரணத்தைப் பார்த்தால் அதன் ஆயுளும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபா விழுந்தது; வருடத் தொடக்கத்தில் 200 அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. புதிதாக ஒன்றும் வராது, காசின் பெறுமதியும் இல்லை என்றால் பத்து வருடம் ஓடிய சின்ன அல்ரோக் காரும் வாங்கிய விலையைவிடக் கூட விலை போகத்தானே செய்யும்? தனியாருக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில் கதவு மறுபடி திறந்தது. இன்றைய விலையில் பெரும் பகுதி வரி. எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து உற்பத்தி வரி, மின்சாரக் கார் என்றால் மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்து. அதற்கு மேல், அந்த வரியையும் சேர்த்த தொகைக்கு 18 சதவீத வற் வரி (பெறுமதி சேர் வரி). கப்பல் தொடர்ந்து வரும்வரை உங்கள் புதுக் கார் வருடா வருடம் பழைய கார் ஆகும், விலையும் இறங்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். வரி மாறினால், ரூபா மறுபடி விழுந்தால் கதை வேறாகலாம். அது நடக்கும், நடக்காது என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் ஏதோ விற்கிறார்.

யாழ்ப்பாணத்தாருக்குக் காரில் ஒரு தனிப் பாசம் உண்டு, அது எனக்கும் உண்டு. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வரும் புகையில் ஒழுங்கையே தெரியாது. அப்படி ஓடிய கார்கள் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோயின. ஆகவே உங்கள் வீட்டில் வயதானவர் இருந்து, கார் தேவை என்றால் வாங்குங்கள், அதில் பிழை இல்லை. அதை வீட்டுத் தேவை என்று சொல்லி, வீட்டு வருமானத்தில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். ஒடியல் மாவின் பெயரில் வாங்காதீர்கள்.

அப்படி வாங்குவதானால், "புதுக் கார்" என்று இங்கே இரண்டு வகையைச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முகவரிடமிருந்து வரும், யாரும் ஓட்டாத கார் ஒன்று. அதற்கு உத்தரவாதம் கையில் கிடைக்கும். இலங்கையில் பதியப்படாத, ஆனால் ஜப்பானில் கொஞ்ச நாள் ஓடிய கார் மற்றது. இதில் ஜப்பான் ஏல அறிக்கையை வாங்கி, அதிலிருக்கும் சேசிஸ் இலக்கமும் ஓடிய கிலோமீற்றரும் காரோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். மின்சாரக் கார் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வீட்டில் சார்ஜ் போட்டு வலிகாமத்துக்குள்ளும் தென்மராட்சிக்குள்ளும் ஓடுவதற்கு நன்றாகவே இருக்கும். கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அடிக்கடி போய்வரும் குடும்பம் என்றால் இடையில் எங்கே சார்ஜ் போடுவது என்பதை முதலில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

சரி, டெலிவரி. வீட்டிலிருந்து விற்பவர்களின் பார்சல் எப்படிப் போகிறது தெரியுமா? கூரியர்காரர் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே வந்து எடுத்துப் போகிறார், அல்லது நீங்கள் சந்தியில் இருக்கும் அவர்களின் கிளையில் கொடுக்கிறீர்கள். கொழும்பு பஸ்ஸில் இரவு போட்டுவிட்டு, காலையில் அங்கே ஆள் வைத்து எடுப்பதும் உண்டு. தபால் திணைக்களத்தின் பார்சல் சேவையையும் விசாரித்துப் பாருங்கள், பலர் அதை மறந்தே போய்விட்டார்கள். இந்த எந்த வழியிலும் உங்கள் காருக்கு வேலை இல்லை. உங்கள் ஊருக்குள்ளேயே கொடுக்கும் நாலைந்து ஓடருக்கு வீட்டில் நிற்கும் ஸ்கூட்டி போதும். செத்தல் மிளகாய் மூட்டை ஏற்ற வேண்டிய நாளில் ஓட்டோவோ பட்டா என்ற சின்ன லொறியோ பிடியுங்கள், அந்த வாடகைக்குப் பற்றுச்சீட்டு எழுதி வையுங்கள். ஒரு வருடம் எழுதிய வாடகை, காரின் மூன்று மாதத் தவணையைக்கூட எட்டவில்லை என்பதைத்தான் நான் பல கணக்குப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். எட்டியவர்களும் ஓரிருவர் உண்டு. அவர்கள் பிறகு வாங்கியது கார் இல்லை, பழைய பட்டா.

போன் விஷயத்தில் உங்களுக்கு உண்மையிலேயே செலவு செய்யச் சொல்வேன், ஆனால் அளவாக. என் கணிப்பில் 60,000 முதல் 80,000 ரூபாய்க்குள் எடுக்கும் புது அண்ட்ரொய்ட் போன் இந்த வேலைக்குத் தாராளம். ராம் 6 அல்லது 8 ஜிபி, சேமிப்பிடம் குறைந்தது 128 ஜிபி, பற்றரி 5,000 மில்லிஆம்பியர், இரண்டு சிம் போடும் வசதி. பெட்டியில் "8 கூட்டல் 8" என்று எழுதியிருந்தால் 16 என்று நினைக்காதீர்கள். பின்னால் வரும் 8 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, உண்மையான ராமின் வேகம் அதற்கு இல்லை. பின்பக்கம் மூன்று நாலு கமெராக் கண் இருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். இந்த வேலைக்கு உதவுவது முதன்மைக் கமெரா ஒன்றுதான். 2 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும் மற்றவை அலங்காரம். பலர் கவனிக்காமல் விடுவது, எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேற் தருவார்கள் என்பதை. வங்கிச் செயலி அந்தப் போனில்தானே இருக்கப் போகிறது? சாம்சங் கலக்சி ஏ16 மாதிரி மலிவு ரகத்துக்கே 6 வருடம் தருவதாகக் கம்பனி அறிவித்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் மொடலுக்கு எத்தனை வருடம் என்று கடையில் கேளுங்கள். அதே விலைக்கு 2 வருடம் தருவதும் பக்கத்திலேயே இருக்கும். கைமாறிய பழைய ஐபோன் வாங்கவா என்றால், படம் நன்றாக வரும், ஆனால் பற்றரி களைத்திருக்கும், முந்தைய ஆளின் கணக்கு உள்ளே பூட்டிக் கிடந்தால் தலையிடி. தொழிலுக்கு நான் புதுசையே சொல்வேன்.

காசு கொடுக்க முன் கடையிலேயே நட்சத்திரம், சதுரக் குறி, 06, சதுரக் குறி என்று அழுத்துங்கள். போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்ஈஐ (IMEI) எண் திரையில் வரும். ஐஎம்ஈஐ என்ற நாலு ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். வெளிநாட்டிலிருந்து ஆள் கையில் வந்தது என்று மலிவாக விற்கும் போனுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

விலை கூடிய போனைவிட யன்னல்தான் நல்ல படம் தரும். காலை 8 மணிக்கு நேர் வெயில் படாத யன்னல் ஓரத்தில் ஒரு பலகை, அதன் மேல் பனையோலைப் பெட்டியோ சுளகோ. வெளிச்சம் வராத பக்கத்தில் ஒரு வெள்ளைக் காட்போட்டை நிறுத்திவைத்தால் நிழல் மென்மையாகும். கமெராக் கண்ணைப் பருத்தித் துணியால் துடையுங்கள். குசினியில் கிடக்கும் போனில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கறித்தூளுக்கு மட்டும் ஒரு கவனம். எங்கள் தூள் வறுத்து அரைப்பது, கருஞ்சிவப்பு. போன் தன் பாட்டில் சிவப்பைக் கூட்டிப் பளபளவென்று காட்டிவிடும். படத்தைப் பார்த்து வாங்கியவர், வந்த தூளைப் பார்த்துவிட்டு "கருகின தூளை அனுப்பிப் போட்டீங்களோ" என்பார். இல்லாவிட்டால் படத்தைப் பார்த்த உடனேயே "கலர் போட்டதோ" என்பார். இரண்டும் என்னிடம் வருபவர்கள் கேட்டவைதான். எடுத்த படத்தில் நிறத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, தட்டில் இருக்கும் தூளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது சிம்மில் வட்ஸ்அப் பிஸ்னஸ் போடுங்கள். இலவசம். சாமான்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம், திரும்பத் திரும்ப எழுதும் பதிலைச் சேமித்து வைக்கலாம், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் "காசு வந்தது", "அனுப்பியாச்சு" என்று அடையாளம் இடலாம். உங்கள் சொந்த எண்ணின் வட்ஸ்அப்பும் அதே போனில் தனியாக ஓடும். போட்ட அன்றே இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள். தெரிந்தவர் பெயரில் யாராவது "உனக்கு 6 இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அதைச் சொல்லு" என்று கேட்டால், அது உங்கள் கணக்கைக் களவெடுக்கும் வழி. வியாபார எண் பறிபோனால் வாடிக்கையாளர் எல்லோரிடமும் உங்கள் பெயரில் காசு கேட்பார்கள்.

காசு வாங்குவதில் என் பிடிவாதம் ஒன்று உண்டு: சிலிப்பை நம்பாதீர்கள், வங்கிக் கணக்கின் மீதியை நம்புங்கள். நல்லூர்த் திருவிழாக் காலம், ஓடர் குவிந்த நேரம். என்னிடம் கணக்குக் காட்டும் ஓர் அக்காவுக்கு ஒரே நாளில் மூன்று பேர் வங்கிச் சிலிப்பின் படம் அனுப்பினார்கள். மூன்றையும் நம்பிப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டார். மாத முடிவில் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்றிலும் ஒரே பரிமாற்ற இலக்கம். பெயரும் தொகையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். இப்போது வங்கிக்கு வங்கி அனுப்பும் காசு பெரும்பாலும் உடனேயே வந்து சேர்கிறது. ஆகவே உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து காசு வந்ததைக் கண்ணால் கண்ட பிறகு ஸ்ரிக்கர் ஒட்டுங்கள். "அவசரம், பிள்ளைக்குப் பிறந்தநாள்" என்று கெஞ்சினாலும் அப்படித்தான்.

பதிவு வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. தனி ஆள் வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் படிவம் இருக்கும்; விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல், வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் இவைதான் பெரும்பாலும் கேட்பார்கள். உணவு என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் (பி.எச்.ஐ.), வியாபார அனுமதிக்குப் பிரதேச சபையையும் போய்ப் பாருங்கள். பி.எச்.ஐ. வந்து பிடிக்கட்டும் என்று காத்திராமல், தொடங்க முன் நீங்களே கூப்பிட்டுக் குசினியைக் காட்டுங்கள். கிணற்றுத் தண்ணீர், பூனை, எலி, சாமான் வைக்கும் இடம் பற்றி அவர் சொல்வதைக் குறித்து வைத்துத் திருத்துங்கள். லேபலில் பெயர், சேர்மானங்கள், நிறை, தொகுதி இலக்கம், செய்த திகதி, காலாவதித் திகதி, உங்கள் முகவரி எல்லாம் வேண்டும். வருமான வரிக்கு இப்போதைக்கு நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை: 2025 ஏப்ரலிலிருந்து ஒருவரின் வருட வருமானத்தில் முதல் 18 இலட்சத்துக்கு வரி இல்லை, அதுவும் விற்பனையைப் பார்ப்பதில்லை, செலவு போன இலாபத்தைத்தான். வரவு செலவுத் திட்டத்தில் இவை மாறக்கூடியவை, வருடா வருடம் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபாரப் பெயரில் தனி வங்கிக் கணக்கு ஒன்று மட்டும் முதல் நாளே திறந்துவிடுங்கள். அண்ணன் அனுப்பும் காசும் பணியாரக் காசும் ஒரே கணக்கில் விழுந்தால் இலாபமா நட்டமா என்று எனக்கே பிரித்தெடுக்க முடியாது.

காலாவதித் திகதியைப் பக்கத்துக் கடைப் பைக்கற்றைப் பார்த்து எழுதுவது எங்கள் ஊரில் சாதாரணம். செய்யாதீர்கள். முதல் தொகுதியில் பத்துப் பைக்கற்றை ஒதுக்கி அலுமாரியில் வையுங்கள். கிழமைக்கு ஒன்றாக உடைத்து மணந்து, ருசித்து எழுதிக்கொண்டு வாருங்கள். எண்ணெயில் பொரித்த பணியாரம் சிக்கு வாடை பிடிக்கும் நாள், ஒடியல் மாவில் வண்டு தலைகாட்டும் நாள், தூள் கட்டிபடும் நாள் எல்லாம் அப்படித்தான் தெரியவரும். அந்த நாளுக்குப் பல நாள் முன்னாலேயே உங்கள் திகதி முடிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பைக்கற்றுக்குள் ஈரம் போனால் எல்லாக் கணக்கும் பிழைக்கும், ஆகவே வெப்பத்தால் ஒட்டும் சீலர் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

கனடாவுக்கு அனுப்பலாமா என்று அண்ணன் கேட்பார், நிச்சயம் கேட்பார். தெரிந்தவர் பயணப் பெட்டியில் கொஞ்சம் தூள் கொண்டுபோவது ஒன்று. அங்கே இறக்கி விற்பது முற்றிலும் வேறு. கனடாவில் உணவை இறக்குமதி செய்து விற்பவருக்கு உரிமம் வேண்டும், 2019 ஜனவரியில் வந்த விதி அது. லேபலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். அந்த உரிமம் ஏற்கெனவே வைத்திருக்கும் தமிழ்க் கடைக்காரர் ஒருவரை அண்ணன் பிடித்துத் தந்தால் பார்க்கலாம். முதல் வருடத்துத் திட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். கொழும்பில் இருக்கும் யாழ்ப்பாணத்தாரே உங்களுக்குப் போதுமான சந்தை என்பது என் எண்ணம். இதை நிரூபிக்க என்னிடம் எண் இல்லை, என்னிடம் வருபவர்களின் பார்சல் முகவரிகளைப் பார்த்து வந்த நினைப்பு மட்டும்தான்.

ஆக, உங்கள் காசை நான் வைத்திருந்தால் இப்படிச் செய்வேன். 18 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுவேன். கார் ஆசை இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். போனுக்கு 80,000க்குள். கிராம் காட்டும் நல்ல மின்தராசு, சீலர், பைகள், லேபல், மூடியுள்ள பெரிய வாளிகள், குசினியில் பி.எச்.ஐ. சொல்லும் திருத்தம் எல்லாவற்றுக்கும் 2 இலட்சம் ஒதுக்குவேன். ஒரு சுற்றுச் சாமான் வாங்க 2 இலட்சம். மிச்சத்தைத் தொடமாட்டேன், ஏனென்றால் செத்தல் விலை திடீரென்று ஏறும் மாதம் ஒன்று வரும். நாலு சாமானோடும் ஒரேயடியாகத் தொடங்காமல் கறித்தூளை மட்டும் எடுத்து, தெரிந்த 30 வீட்டுக்குக் காசுக்கே விற்பேன், இனாமாக இல்லை. அதில் எத்தனை பேர் இரண்டாம் தரம் தாங்களாகவே கேட்டு வருகிறார்கள் என்று எண்ணுவேன். பாதிப் பேர் வந்தால் பேஸ்புக் விளம்பரத்துக்குக் காசு போடலாம். வராவிட்டால் விளம்பரம் போட்டும் பயன் இல்லை, தூளைத் திருத்த வேண்டும்.

இப்போது மழைக்காலம் என்றால் அவசரப்படாதீர்கள். இந்த இரண்டு மாதத்தில் பதிவு, லேபல், குசினி வேலைகளை முடியுங்கள். தையில் வெயில் திரும்பும், முற்றம் காயும், பனங்கிழங்கும் கிண்டத் தொடங்குவார்கள்; ஒடியல் மாவைப் பற்றி அப்போது யோசிக்கலாம். முதல் மாதக் கணக்கை எழுதிய பிறகு எண்களோடு மறுபடி கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.